இன்னொரு பழத்தை எழுதியவர்

தமிழ்த் தொலைக்காட்சியில் மிக நீண்ட காலம் ஓடிய நகைச்சுவை எது என்று கேட்டால், அவரவர் வயதுக்கேற்ப ஒரு பெயர் வரும். ஒருவர் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ என்பார், இன்னொருவர் ‘லொள்ளு சபா’ என்பார். என் கணக்கில் அந்த இடம் தொடர் என்ற பெயரே வைக்கப்படாத ஒன்றுக்குத்தான். கவுண்டமணியும் செந்திலும் வரும் சினிமாத் துண்டுகள் அவை. தொண்ணூறுகளில் சாட்டிலைட் சானல்கள் வந்ததிலிருந்து, ஆதித்யா, சிரிப்பொலி என்று சிரிப்புக்கென்றே தனிச் சானல்கள் பிறந்த காலம் வரைக்கும், அதற்கு அப்புறமும், ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் கோவைப் பக்கம் பேக்கரிகளில் சுவரோரம் ஒரு டிவி இருக்கும். டீக்கும் தேங்காய் பன்னுக்கும் வந்தவர்கள் நின்றபடியே அண்ணாந்து பார்ப்பார்கள். பக்கத்திலேயே பஸ் ஹாரனும் லாரிச் சத்தமும் இருக்க, டிவியின் ஒலி பாதி காதில் விழாது. ஆனாலும் சரியான இடத்தில் சிரிப்பு வரும். வசனம் முழுக்க ஜனங்களுக்கு மனப்பாடம். உதட்டசைவைப் பார்த்தாலே போதும்.

இப்படி மனப்பாடமாகிப்போன வசனங்களை எழுதியவர் யார் என்று அங்கே யாரைக் கேட்டாலும் விடை வராது. ஏ. வீரப்பன் என்று சொன்னாலும் விளங்காது. சத்தியமங்கலம் காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயர் வேறொருவரைத்தான் நினைவூட்டும். ‘வைதேகி காத்திருந்தாள்’, ‘கரகாட்டக்காரன்’ படங்களின் நகைச்சுவைப் பகுதியை எழுதிய வீரப்பன், தானும் நடிகராக இருந்தவர். டைட்டிலில் அவர் பெயர் வரும். ஆனால் டிவியில் வெட்டி ஒட்டப்படும் துண்டுகளில் டைட்டில் கிடையாதே. முப்பது வருஷமாக அவர் எழுத்து ஒலிக்கிறது, பெயர் ஒலிப்பதில்லை. அந்த எழுத்தின் நயத்தை நிதானமாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் அந்தக் காலத்து வேலைமுறையைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் ஒரு படத்தின் கதை ஒருவருடையதாக இருக்கும். நகைச்சுவைப் பகுதியை ‘காமெடி ட்ராக்’ என்று பிரித்து வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். நாயகன் அழுதுகொண்டிருக்கும் ஊரிலேயே, அவனுக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு சைக்கிள் கடை நடக்கும். கதையோடு ஒட்டவில்லை என்று விமர்சகர்கள் இதைக் குறையாகவே சொல்லி வந்தார்கள். படமாகப் பார்த்தால் குறைதான். ஆனால் அந்த ஒட்டாத தன்மைதான் டிவியில் அதற்கு ஆயுள் கொடுத்தது. முன்கதை தெரியாமல், பின்கதை வேண்டாமல், ஐந்து நிமிஷத்துக்குள் தொடங்கி முடிந்துவிடும்படி வீரப்பன் எழுதினார். ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டு ஆட்கள் யார், அவர்களுக்குள் உறவு என்ன, இன்று என்ன சிக்கல் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். சிறுகதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும் இது எத்தனை கடினம் என்று.

1989இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் கொண்டுவந்து நீட்டுவது ஒரு பழம். இன்னொன்று எங்கே என்றால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். இவ்வளவுதான் சங்கதி.

அந்த இரண்டு என்ற எண்ணைக் கவனியுங்கள். மூன்று பழம் வாங்கியிருந்தால் காட்சியே இல்லை. ‘மிச்சமெல்லாம் எங்கே’ என்று கேள்வி மாறிப்போயிருக்கும், செந்திலுக்குத் தப்ப வழி இருந்திருக்காது. இரண்டே இரண்டு இருக்கும்போதுதான் ஒவ்வொன்றும் மற்றதற்கு ‘இன்னொன்று’ ஆகிறது. வயிற்றுக்குள் போன பழத்தை முதலாவதாக எண்ணினால், கையில் இருப்பது நியாயமாகவே இன்னொன்றுதான். இந்த ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

அடுத்த நயம், செந்தில் அந்தக் காட்சியில் பேசும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தால் தெரியும். எத்தனை வாங்கினாய் என்றால் இரண்டு என்கிறார், உண்மை. ஒன்று இங்கே இருக்கிறது, அதுவும் உண்மை. இன்னொன்று இதுதான் என்பதும், எண்ணத் தொடங்கும் இடத்தைப் பொறுத்து, உண்மை. எதிரே நிற்கிறவர் திருட்டைப் பிடித்தே விட்டார், ஆனால் பொய்யைப் பிடிக்க முடியவில்லை. ‘எங்கே’ என்ற கேள்வியைவிட்டு அவரால் நகரவும் முடியவில்லை. அந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். தன்னைத் தானே அடக்கிக்கொண்டு பொறுமையாக எண்ணும் அந்த இடங்கள்தான் அவர் அடிக்கும் இடங்களைவிடச் சிரிப்பானவை.

மூன்றாவது, எழுதியவரின் கட்டுப்பாடு. ஒரு வரி பலித்துவிட்டால் அதன்மேல் இன்னொரு வேடிக்கையை ஏற்றிவிட எந்த எழுத்தாளருக்கும் கை துறுதுறுக்கும். வீரப்பன் ஏற்றவில்லை. அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். செந்திலின் குரல் முதல் தடவை எப்படி இருந்ததோ கடைசி வரைக்கும் அப்படியே, ஒரு இம்மிகூட ஏறாது. எல்லா ஏற்றமும் கவுண்டமணி பக்கம். அந்தப் பதிலோடு ஒட்டிவரும் ‘அண்ணே’வும் ஒருமுறைகூட விடுபடாது. ஏமாற்றும்போதும் மரியாதை குறையவில்லை என்பதே எதிரில் இருப்பவரை இன்னும் கொதிக்க வைக்கிறது.

அமெரிக்காவில் அபட், காஸ்டெல்லோ என்ற இணை, ஆட்டக்காரர்களின் பெயர்களே ‘யார்’, ‘என்ன’ என்று இருக்கும் ஒரு பேஸ்பால் குழுவை வைத்து நிகழ்த்திய குழப்பம் 1938இல் வானொலியில் ஒலித்து உலகப் புகழ் பெற்றது. வினவுகிறவனும் விடை சொல்கிறவனும் ஒரே சொல்லில் வெவ்வேறு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதன் சூட்சுமம். அதற்கு யாருமே வைத்துக்கொள்ளாத பெயர்களைப் புனைய வேண்டியிருந்தது. வீரப்பனுக்கு ஒரு பழம் போதுமாயிருந்தது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பழத்தின் பக்கம் நிற்பேன்.

‘கரகாட்டக்காரன்’ படத்திலேயே ஒரு பழைய கார் வரும். அதன் முன்னாள் சொந்தக்காரி சொப்பன சுந்தரி ஒரு ஃப்ரேமில்கூட வருவதில்லை. காருக்கு ஒரு வரலாறு வேண்டும் என்பதற்காக எழுத்தில் மட்டும் பிறந்தவள். இருந்தும் தமிழ்நாட்டில் அவளைத் தெரியாத ஆள் இல்லை. முகம் காட்டாமலே ஒரு பாத்திரத்தை நிலைநிறுத்துவது பேனாவின் வேலை. இதில் நடிகர்கள் பங்கு கேட்க முடியாது.

1984இல் ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய ‘வைதேகி காத்திருந்தாள்’ இன்னொரு விதமான நயம். அதில் கவுண்டமணி நடித்த ஆல் இன் ஆல் அழகுராஜாவின் கடை என்பது அன்றைய கிராமத்து வாடகை சைக்கிள் கடை. பங்ச்சர் ஒட்டுவார்கள், மணிக் கணக்கில் சைக்கிள் விடுவார்கள், கல்யாணம், நோம்பி, கூத்து என்றால் பெட்ரமாக்ஸ் லைட் வாடகைக்குக் கொடுப்பார்கள். அந்த லைட்டின் மேண்டில் எப்படிப்பட்டது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அது ஒரு சின்னத் துணிப் பை. கட்டி முதலில் எரித்துவிட வேண்டும். துணி எரிந்துபோய், அதில் ஊறியிருந்த ரசாயனம் வெள்ளைச் சாம்பல் கூடாக நிற்கும். வெளிச்சம் தருவது அந்தச் சாம்பல்தான். விரல் பட்டால் பொடிப்பொடியாகிவிடும்.

ஊருக்கே வெளிச்சம் தரும் பொருள், தொட்டால் உதிரும் சாம்பல். இதற்குள்ளேயே வேடிக்கை ஒளிந்திருக்கிறது என்று கண்டுகொண்ட கண்ணைத்தான் நான் வியக்கிறேன். இது எப்படி எரியும் என்று செந்தில் கேட்கிறார். கவுண்டமணி பெருமையோடு விளக்குகிறார். இதிலிருந்தா வெளிச்சம் வருகிறது என்று நம்பாமல் செந்தில் தொட்டுப் பார்க்க, போயிற்று. சரியாக அந்நேரம் பார்த்து ஒருவர் லைட் கேட்டு வருகிறார். உடைந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள முதலாளிக்கு மனம் வரவில்லை. பெட்ரமாக்ஸே வேண்டுமா என்று வந்தவரின் தேவையைக் குறைத்துவிடப் பார்க்கிறார். கையில் சரக்கில்லாத கடைக்காரர் எந்த ஊரிலும் அப்படித்தான் பேசுவார். கடை வைத்தவர்கள் நிறைந்த கொங்கு நாட்டில் அந்த வரிக்கு விழும் சிரிப்பில் ‘நம்மளும் இப்படித்தானே சமாளிக்கறோம்’ என்ற ஒப்புதல் கொஞ்சம் கலந்திருக்கும்.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்தால் வீரப்பன் கண்டுபிடித்தது தெரியும். எல்லாம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளும் ஒருவரை வீழ்த்த அறிவாளி தேவையில்லை, சந்தேகம் கேட்கும் ஒரு சிஷ்யன் போதும். அழகுராஜாவின் பலவீனம் கோபம் அல்ல. கேட்டால் விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாத சுபாவம்தான்.

இந்த எழுத்தைச் சுமக்க வந்த வாய் எங்கள் மண்ணினுடையது. கவுண்டமணி உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள வல்லகுண்டாபுரத்தில் 1939இல் பிறந்தவர். இயற்பெயர் சுப்பிரமணி. நாடக மேடைகளில் தேறி, 1977இல் ‘16 வயதினிலே’ மூலம் வெளிச்சத்துக்கு வந்தார். செந்தில் ராமநாதபுரம் சீமையின் இளஞ்செம்பூர்க்காரர். ஒரு பக்கம் கொங்குத் தமிழின் இழுவை, மறுபக்கம் ராமநாதபுரத்து அமர்த்தலான நிதானம். எதிரெதிரே நிற்கும்போது இரண்டு மண்ணின் மூச்சும் மோதிக்கொள்வது காதுக்குத் தெரியும்.

கவுண்டமணி சத்தம் போடுகிறார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கொங்குக் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. எங்கள் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்வதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வோம். ‘வாங்’, ‘சொல்லுங்’ என்று பாதி விழுங்கினாலும் மரியாதை உள்ளே இருக்கும். திட்டுவதானாலும் ‘ஏனுங்க, இப்படிப் பண்ணலாமுங்களா’ என்றுதான் தொடங்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த ஒருவர், பண்ணையார், மந்திரி, நாட்டாமை என்று பார்க்காமல் ‘ங்க’வைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேசினார். வெளியூர்க்காரர்கள் கேட்டது சத்தத்தை. நாங்கள் கேட்டது, காலங்காலமாகத் தொண்டைக்குள் அடக்கி வைத்ததை ஒருவர் எங்களுக்காகச் சொல்லிவிட்ட நிம்மதியை.

உதையும், நிறத்தையும் உருவத்தையும் இழிக்கும் வசைகளும் இன்று என்னை உறுத்துகின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதிகளை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆனால் மேலே சொன்ன காட்சிகளில் சிரிப்பு அவற்றை நம்பி நிற்கவில்லை. அடியையும் வசையையும் உருவிவிட்டாலும் பழமும் மேண்டிலும் அப்படியே நிற்கும்.

திரைக்குப் பின்னே இன்னொரு வேலை, டப்பிங். அன்றைய தமிழ்ப் படங்களில் படப்பிடிப்பில் பேசியது படத்தில் வராது. பிறகு சென்னையில் ஒரு இருட்டறையில் ஃபிலிமைத் துண்டு துண்டாக ஓடவிட்டு, உதட்டுக்கு ஒத்தபடி மறுபடி பேசிச் சேர்ப்பார்கள். வாழைப்பழக் கோபம் இருமுறை வந்தாக வேண்டும் என்று பொருள். ஒருமுறை செந்திலின் முகத்தைப் பார்த்து, இன்னொருமுறை வெறும் மைக்கைப் பார்த்து. அந்த இரண்டாவது தடவையில் மூச்சு வாங்குவதும் வார்த்தை உடைவதும் முதல் தடவையோடு பிசகாமல் பொருந்தி நிற்கின்றன என்பதை நினைத்தால், பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவுக்காரருக்கும் எடிட்டருக்கும் சேர்த்துக் கைதட்டத் தோன்றுகிறது.

பேச்சு வழக்கைப் பேசத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதும் ஒரு எழுத்து நுட்பம். 1995இல் பாலு மகேந்திரா இயக்கிய ‘சதிலீலாவதி’க்கு வசனம் கிரேசி மோகன். அவர் சென்னைக்காரர். சக்திவேல் கவுண்டராகக் கமல்ஹாசனும் மனைவியாகக் கோவை சரளாவும் பேசுவது கொங்குத் தமிழ். ஊரின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சுமக்கும் சரளாவுக்கு அது ஊர்ப் பேச்சு. மோகனின் வழக்கமான சொல் விளையாட்டு இந்தப் படத்தில் சற்று ஒதுங்கி நின்று, இழுத்துப் பேசும் அந்த அம்மாளுக்கு இடம் விட்டிருப்பதைக் கவனித்துப் பாருங்கள். தன் திறமையைக் காட்டிக்கொள்ளாமல் ஒதுங்கத் தெரிந்த எழுத்து அது.

சத்தியராஜ், மணிவண்ணன், கவுண்டமணி மூவரும் சேர்ந்த ‘தாய் மாமன்’, ‘மாமன் மகள்’ போன்ற படங்களில் எழுதியது எது, அந்த இடத்தில் முளைத்தது எது என்று பிரிக்கவே முடியாது. சூலூர் மணிவண்ணன் வேறு படங்களுக்குத் தானே வசனமும் எழுதி இயக்கியவர். மூன்று கொங்குக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் புகுந்துவிடுவார்.

அந்தத் திண்ணைப் பேச்சு இன்று கோவையிலேயே ஒரு பட்டறை போட்டு உட்கார்ந்திருக்கிறது. நக்கலைட்ஸ் என்ற யூடியூப் குழுவைச் சொல்கிறேன். அரசியல் நையாண்டியில் பேர் வாங்கி, ‘அம்மா அலப்பறைகள்’ என்ற தொடர் மூலம் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். செல்போனில் பார்க்கத் தொடங்கியதை, இப்போது வீட்டு டிவியில் போட்டுக் குடும்பத்தோடு பார்க்கிறார்கள். எழுதவும் நடிக்கவும் இயக்கவும் ஒரே கூட்டம். கோடம்பாக்கத்துக்குப் போய் வாய்ப்புக் கேட்காமல் ஊரில் இருந்தபடியே செய்தார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

அவர்கள் எழுத்தில் நான் ரசிப்பது காதின் கூர்மை. எங்கள் வீடுகளில் அம்மாக்கள் கோபத்தில் நேராகத் திட்டமாட்டார்கள். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாத்திரத்திடமோ சுவரிடமோ பேசும். ‘கண்ணு’, ‘சாமி’ என்று கூப்பிட்டுவிட்டுத்தான் குத்து விழும். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க், ஒறம்பரை (விருந்தாளி) வந்தபோது வாங்காமல் விட்ட பால் பாக்கெட், மூன்று வருஷம் முன்பு தொலைந்த டிபன் பாக்ஸ் எல்லாம் ஒரே மூச்சில் வரிசை பிசகாமல் வரும். இந்த மூச்சைக் காகிதத்தில் எழுதுவது லேசில்லை. வாக்கியமாக எழுதினால் செத்துவிடும், எழுதாமல் விட்டால் சிதறிவிடும். அதை அவர்கள் பிடித்திருக்கிறார்கள். திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எங்கே பார்த்தாலும் ‘அது எங்கம்மாவேதான்’ என்ற பேச்சு எழுவது அதனால்தான்.

சாதாரண வீட்டையே களமாக்கியதும் நல்ல முடிவு. சீரியல் வீடுகளில் சமையலறைக்குக்கூடப் பட்டுச்சேலையில் போவார்கள். இங்கே அம்மா வெளுத்த நைட்டியில் தோளில் ஒரு துண்டோடு வந்து நிற்கும்போது, வசனம் தொடங்குவதற்கு முன்பே உறவு தொடங்கிவிடுகிறது.

இந்தக் குழுவின் ராஜேஸ்வர் காளிசாமி இயக்கி, பிரசன்னா பாலச்சந்திரனோடு சேர்ந்து எழுதிய ‘குடும்பஸ்தன்’ 2025 ஜனவரி 24 அன்று வெளியானது. மணிகண்டன் நாயகன். வேலை போன ஒரு கோவை இளைஞன், வீட்டில் சொல்லாமல் கடன்மேல் கடன் வாங்கிச் சமாளிக்கும் கதை. அதில் தனி ட்ராக் எதுவும் கிடையாது. சிரிப்பு முழுக்க அந்தக் குடும்பத்தின் பணக் கஷ்டத்திலிருந்தே எழுகிறது. வீரப்பன் காலத்திலிருந்து நகைச்சுவை எழுத்து நகர்ந்து வந்த தூரம் அதில் தெரிகிறது. நாயகனின் அப்பாவாக, கொங்குப் பேச்சை அவசரமில்லாமல் உதிர்த்துக்கொண்டு ஒரு பெரியவர் வருகிறார். ஆர். சுந்தர்ராஜன். 1984இல் அழகுராஜாவின் கடையைத் திறந்து வைத்த அதே இயக்குநர்தான். இந்தக் கூட்டம் அவரைத் தேடிப் போய் அழைத்துக்கொண்டு வந்து அப்பாவாக உட்கார வைத்ததை நான் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நக்கலைட்ஸ் வீடியோவில் எழுதியவர் பெயரைத் தேடினால் கிடைக்கிறது. பழைய துண்டுகளுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. பாட்டுச் சானல்களில் பாடல் தொடங்கியதும் படம், இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் என்று கீழே ஒரு பட்டை ஓடுகிறது. காமெடித் துண்டுக்கும் அதே பட்டையைப் போட ஒரு வரி எழுத்துக்குமேல் செலவில்லை. படத்தின் பெயர், வருஷம், நகைச்சுவை எழுதியவர் பெயர், இவ்வளவு போதும். டைட்டிலைப் பார்த்தால் விவரம் இருக்கிறது. சானல்காரர்கள் இதைச் செய்ய வேண்டும். அவர்கள் செய்யும்வரை நாம் செய்யலாம். அடுத்த முறை வாழைப்பழத் துண்டை யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: எழுதியவர் ஏ. வீரப்பன்.